தனி வீட்டிலிருந்து ஃபிளாட்டுக்கு: எதை எடுத்துப் போவது, எதை விடுவது? முழுமையான வழிகாட்டி

நாற்பது வருஷம் வாழ்ந்த தனி வீட்டைக் காலி செய்து இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்குக் குடி போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பரணில் ஏறுகிறார்கள். அது இரண்டாவது வேலை. முதல் வேலை, இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போவது.

காரணம் இருக்கிறது. பொருளைக் கையில் எடுத்து "இது நல்லா இருக்கா? யார் கொடுத்தது?" என்று பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், எல்லாம் யாராவது ஆசையாகக் கொடுத்ததாகத்தான் இருக்கும். ஒன்றும் கழியாது. "புது வீட்டில் இதற்கு எந்தச் சுவர், எந்தத் தட்டு?" என்று கேட்டால் பதில் உடனே வரும். இடம் சொல்ல முடியாத பொருள் வண்டியில் ஏறக்கூடாது. இந்த ஒரு விதியை உறுதியாகப் பிடித்துக்கொண்டால் மற்ற வேலையெல்லாம் பொறுமை சம்பந்தப்பட்டதுதான்.

எப்போது ஆரம்பிப்பது

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடி போவதில்லை. இந்த வழக்கம் இந்த வேலைக்கு நல்ல வசதி. ஆவணியில் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தால் ஆடி முழுவதும் பிரிக்கிற வேலைக்குக் கிடைக்கும். தை என்றால் மார்கழி. மூன்று படுக்கையறை, பின்கட்டு, மாடி அறை உள்ள வீட்டுக்கு இரண்டு பேர் தினம் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஒரே வாரத்தில் முடிக்கப் பார்த்தால் இரண்டில் ஒன்று நடக்கும். முதல் மூன்று நாள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வைப்பீர்கள்; கடைசி இரண்டு நாள் எதையும் பார்க்காமல் மூட்டை கட்டி, குப்பையையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போவீர்கள்.

விற்க வேண்டியதைக் குடி போகும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே விற்றுவிட வேண்டும். வியாழக்கிழமை லாரி வருகிறது என்று தெரிந்தால் பழைய சாமான் வாங்குகிறவர் புதன்கிழமைதான் விலை சொல்ல வருவார்.

அளவெடுப்பது

1,100 சதுர அடி ஃபிளாட் என்று விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் சூப்பர் பில்டப் அளவு. படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதையில் உங்கள் பங்கும் அதில் சேர்ந்திருக்கும். சாமான் வைக்கக் கணக்கில் எடுக்க வேண்டியது கார்பெட் ஏரியா. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் இதற்குத் தெளிவான வரையறை தந்திருக்கிறது: வெளிச்சுவரும் பால்கனியும் கணக்கில் வராது, உள்சுவர்கள் வரும். 1,100 என்று சொன்னது கையில் 780, 800 என்று நிற்பது சாதாரணம். அதனால் பத்திரத்தில் உள்ள எண்ணை நம்பித் திட்டம் போடாதீர்கள், டேப்பை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

அறைகளின் நீள அகலத்தோடு இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு வாசலின் அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் ஆரம்பிக்கிறது, பிளக் பாயின்ட் எங்கே, பரணின் ஆழமும் உயரமும், சமையலறைத் தட்டுகளின் உயரம், லிஃப்ட் கதவின் உயரம், படிக்கட்டுத் திருப்பத்தின் அகலம். கடைசி இரண்டையும் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆறு பேர் லிஃப்ட் 408 கிலோ தாங்கும், எட்டுப் பேர் லிஃப்ட் 544 கிலோ. ஆகவே பீரோவின் கனம் ஒரு பிரச்சினை இல்லை. லிஃப்ட் கதவு ஆறரை அடி உயரம் வாக்கில்தான் இருக்கும். ஸ்டீல் பீரோவும் ஆறரை அடிதான், அதற்குக் கீழே ஸ்டாண்டு வேறு. நிமிர்த்தி நுழைக்க முடியாது, சாய்க்க உள்ளே இடமில்லை. ஐந்தாம் மாடிக்குப் படிவழியாகத் தூக்க வேண்டியதாகிவிட்டால் கூலி தனி.

அளந்து வந்த பிறகு ஒரு காரியம் செய்யுங்கள். பழைய வீட்டுக் கூடத்திலோ மொட்டை மாடியிலோ, புது வீட்டுப் படுக்கையறையை அதே அளவில் சாக்பீஸால் தரையில் வரையுங்கள். கோலமாவானாலும் சரி. வாசலையும் கதவு திறக்கும் வளைவையும் போடுங்கள். அதற்குள் கட்டில், பீரோவின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டி வைத்து, நடுவில் நடந்து பாருங்கள். காகிதத்தில் எண்ணாக இருக்கும்வரை "எப்படியும் போட்டுக்கலாம்" என்றே தோன்றும். முழங்கால் கட்டிலில் இடிக்கும்போதுதான் தெரியும்.

ஒரு கணக்கு. அறை 10-க்கு 11 அடி. கட்டில் ஆறுக்கு ஆறரை. பீரோ மூன்றடி அகலம், ஒன்றரையடி ஆழம். கட்டிலின் தலைமாட்டை 10 அடிச் சுவரில் வைத்தால், கால்மாட்டுக்கும் எதிர்ச்சுவரில் உள்ள பீரோவுக்கும் நடுவில் 11-லிருந்து ஆறரையும் ஒன்றரையும் போக மூன்றடி மிஞ்சும். பீரோவின் ஒரு கதவு ஒன்றரையடி. திறந்துவிட்டு நிற்க இடம் உண்டு. தலைமாட்டை 11 அடிச் சுவரில் வைத்தால் நடுவில் இரண்டடிதான். கதவைத் திறந்தால் ஆள் நிற்க அரையடி. வடக்கே தலை வைத்துப் படுக்கக்கூடாது என்பதை விடாதவர்களுக்கு எந்தச் சுவர் தெற்கே, எந்தச் சுவர் கிழக்கே இருக்கிறது என்பதே பீரோ வருமா வராதா என்பதைத் தீர்மானித்துவிடும். நடைவழிக்கு எங்கும் இரண்டடிக்குக் குறையாமல் விடுங்கள். வயதானவர் இருக்கும் அறையில், கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் வாக்கர் போகும்படி மூன்றடி வேண்டும்.

நாலு எழுத்து

பிரிக்கும்போது நாலே பிரிவு போதும்: வருவது, கொடுப்பது, விற்பது, கழிப்பது. மரச் சாமானிலும் பெட்டியிலும் சாக்பீஸால் வ, கொ, வி, க என்று பெரிதாக எழுதிவிடுங்கள். லாரி நாளன்று லோடுமேன்களிடம் ஒரே வார்த்தை, "வ போட்டது மட்டும் ஏத்துங்க." எவர்சில்வரில் சாக்பீஸ் நிற்காது, ஸ்டிக்கர் எண்ணெய்ப் பிசுக்கில் உதிர்ந்துவிடும், பாத்திரங்களுக்கு எழுத்துக்குப் பதில் தனி அறை ஒதுக்குங்கள்.

ஐந்தாவதாக "அப்புறம் பார்க்கலாம்" என்ற பிரிவு தானாகவே முளைக்கும். தடுக்க வேண்டாம், அளவு வையுங்கள்: ஒரு டிரங்குப் பெட்டி, அதற்கு மேல் இல்லை. மூடியின் மேல் ஒரு தேதி எழுதுங்கள். ஆவணியில் போனால் பொங்கல். அதுவரை அதற்குள்ளிருந்து எதையும் தேடி எடுக்கவில்லை என்றால் அந்தப் பெட்டிக்கு இனி உங்கள் வீட்டில் வேலையில்லை. பத்திரங்களும் நகையும் மட்டும் எக்காரணம் கொண்டும் அந்தப் பெட்டிக்குள் போகக்கூடாது.

வரிசை முக்கியம். பரண், பின்கட்டு, மாடி அறை முதலில். அங்கே இருப்பவை பல வருஷமாகக் கைபடாதவை, முடிவு சுலபம், கை பழகும். அடுத்து மரச் சாமான்கள், சமையலறை, துணி, பூஜை. காகிதமும் புகைப்படமும் கடைசி. ஆல்பத்தை முதல் நாளே திறந்தவர்கள் அன்றைக்கு வேறு எதையும் திறந்ததில்லை.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இன்னொரு விஷயம். அவர்கள் தூங்கும்போதோ கோயிலுக்குப் போயிருக்கும்போதோ அவர்கள் பொருளைக் கழிக்காதீர்கள். ஒரு சின்ன டப்பா காணாமல் போனது தெரிந்தால் அதன்பின் எதையும் விடமாட்டார்கள். அவர்கள் செய்வது நியாயமும்கூட. அவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். "இது வேணுமா?" என்று கேட்டால் பதில் "வேணும்" என்றே வரும். "இதை யாருக்குக் குடுக்கலாம்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு பெயர் ஏற்கெனவே அவர்கள் மனதில் இருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். களைத்த பிறகு எடுக்கும் முடிவை மறுநாள் மாற்றுவார்கள்.

மரச் சாமான்கள்

எடுத்துப் போகும் ஒவ்வொரு மரச் சாமானையும் முதலில் உளுப்புக்குச் சோதியுங்கள். நன்றாகத் துடைத்து, கால்களுக்கும் பலகைக்கும் கீழே கறுப்புத் தாளை விரித்து இரண்டு ராத்திரி விடுங்கள். காலையில் தாளில் மஞ்சள் நிறத்தில் நைசான மாவு உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஓட்டை மட்டும் இருந்து மாவு இல்லையென்றால் பழைய சேதமாக இருக்கலாம்; துளைகளில் மருந்து ஏற்றி எடுத்துப் போகலாம். மாவு உதிர்வதைப் புது வீட்டுக்குள் விட்டால் அங்கே உள்ள மர வேலைப்பாட்டுக்கும் பரவ வாய்ப்புண்டு. கட்டில் மூட்டுகளில் மூட்டைப்பூச்சியின் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

சோபா பற்றி ஒரு கணக்கு. மூன்று பேர் உட்காரும் சோபா ஆறரையடி நீளம், மூன்றடி ஆழம், மூன்றடி உயரம் என்றால் சுமார் 58 கன அடி. 14 அடி லாரியின் உட்புறம், 14-க்கு 6-க்கு 6 என்று வைத்தால், 504 கன அடி. சோபா ஒன்றே லாரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்கிறது. தரையில் பத்தொன்பதரை சதுர அடி. சதுர அடிக்கு 7,000 ரூபாய் கொடுத்து வாங்கிய வீடென்றால், அந்தச் சோபா உட்கார்ந்திருக்கும் இடத்தின் விலை 1,36,500 ரூபாய். தினம் நாலு பேர் உட்காருகிற சோபாவுக்கு அந்த இடம் தகும். துணி மடித்துப் போடுகிற சோபாவுக்குத் தகாது. ஓரம் வைத்த ஒவ்வொரு சாமானுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஊஞ்சல் பலரையும் வருத்துகிற பொருள். தனி வீட்டில் உத்தரத்திலோ, காங்கிரீட் போடும்போதே வைத்த கொக்கியிலோ தொங்கியிருக்கும். ஃபிளாட்டில் முன்பே கொக்கி வைக்கவில்லை என்றால் பிறகு துளை போட்டு மாட்டுவது பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்டால் மட்டும். துளையில் கம்பி அறுபட்டால் தளமே பலவீனமாகும், மேல்தளம் அடுத்த வீட்டாருடைய தரை என்பதும் உண்டு. தேக்குப் பலகையை விற்பதற்கு முன், நாலு கால் போட்டு ஹாலில் திண்ணை மாதிரிப் போட முடியுமா என்று தச்சரிடம் கேளுங்கள். ஐந்தடிப் பலகைக்கு ஜன்னலோரச் சுவர் போதும். சங்கிலியைத் தனியாகத் துணியில் சுற்றி வைத்தால் கொஞ்ச இடம்தான்.

இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போட வேண்டாம். பஞ்சைப் பிரித்து, கொட்டி, புதுக் கட்டிலின் அளவுக்கு மெத்தையும் மிஞ்சியதில் தலையணையும் தைத்துக்கொள்ளலாம். நடுவில் குழி விழுந்த கயிற்று நார் மெத்தைக்கும் ஃபோம் மெத்தைக்கும் அந்த வழி இல்லை. போகிப் பண்டிகையில் இவற்றைக் கொளுத்துவது தெருவுக்கே நச்சுப்புகை. மாநகராட்சிக் குப்பை வண்டியில் சொல்லி அனுப்புங்கள்.

பழைய தேக்கு, கருங்காலிச் சாமான்கள், எனாமல் பாத்திரம், கடைசல் தூண் போன்றவற்றைப் பழைய விறகு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எதைக் கொடுப்பதற்கு முன்பும் அங்கே அந்த மாதிரி என்ன விலைக்கு விற்கிறது என்று விசாரித்தால், வாசலுக்கு வருகிற வியாபாரியிடம் பேச ஒரு அளவுகோல் கிடைக்கும்.

சமையலறை: எண்ணிக்கையில் ஆரம்பியுங்கள்

பாத்திரத்தை ஒவ்வொன்றாகப் பார்க்காமல் முதலில் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். போன ஒரு வருஷத்தில் உங்கள் வீட்டில் ஒரே வேளை சாப்பிட்டவர்கள் அதிகபட்சம் எத்தனை பேர்? எட்டு என்றால் பன்னிரண்டு தட்டு, பன்னிரண்டு டவரா டம்ளர், அதற்குத் தக்க கரண்டிகள். அறுபது பேருக்குச் சமைத்த காலத்து அண்டா, கொப்பரை, ஜாரிணி, தாம்பாளமெல்லாம் இனி கேட்டரிங்காரர் கொண்டுவருவார். அண்டாவுக்கு நல்ல இடம் அன்னதானம் நடக்கும் கோயில் மடப்பள்ளி. முதலில் கேட்டுக்கொண்டு கொடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பித்தளை, வெண்கலம் இருக்கிற அடுக்கைப் பிரிக்கும் முன், ஒவ்வொன்றின் விளிம்பையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். புள்ளிப் புள்ளியாக உளி வைத்துப் பெயர் வெட்டியிருக்கும்: இன்னாருக்கு இன்னார் கொடுத்த சீர், சில சமயம் தேதியோடு. தேய்த்துத் தேய்த்து எழுத்து மழுங்கியிருந்தால் விபூதியைத் தடவித் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து எழும்பும். யார் பெயர் இருக்கிறதோ அந்தக் கிளையில் இருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள். உங்களுக்கு இடமில்லாத தவலை, அத்தை மகளுக்கு அவள் பாட்டி பெயர் உள்ள ஒரே பொருளாக இருக்கலாம். இதைச் செய்யாமல் எடைக்குப் போட்டால் பின்னால் யாராலும் திருப்பி வாங்கித் தர முடியாது. எது என்ன ஆனாலும், இந்த ஒரு படியை மட்டும் அவசரத்தில் தாண்டாதீர்கள்.

எடைக்குப் போடுவதை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். பித்தளை, செம்பு, வெண்கலம், எவர்சில்வர் நாலுக்கும் விலை வேறு வேறு. செம்புக்கு எவர்சில்வரைவிடப் பல மடங்கு. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டு "பழைய பாத்திரம்" என்று ஒரே விலை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளூர்ப் பாத்திரக் கடையில் பழசைப் போட்டுப் புதுசு எடுத்தால் பணமாக வாங்குவதைவிடச் சற்றுக் கூடக் கிடைப்பதுண்டு. ஆனால் பத்துப் பாத்திரம் கொடுத்து எட்டுப் பாத்திரம் வாங்கி வந்தால் இந்த வேலைக்கே அர்த்தமில்லாமல் போகும்.

எதை வைத்துக்கொள்வது? சமைக்க எடுத்துப் போகும் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயப் பூச்சு (வெள்ளீயம்) இருக்க வேண்டும். பூச்சு போன பித்தளையில் புளி, மோர், எலுமிச்சை பட்டால் செம்பு கரைந்து களிம்பு ஏறும், வயிற்றுக்கு ஆகாது. புது இடத்தில் ஈயம் பூசுகிறவரைத் தேடுவது சிரமம், ஆகவே கிளம்பும் முன்பே பூசி வாங்குங்கள். ரசத்துக்கு ஈயச் சொம்பு இருந்தால் கட்டாயம் வரட்டும், இடம் பிடிக்காது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால், காலிச் சொம்பை அடுப்பில் வைத்தால் வழிந்து போகும். இதைப் புதிதாகச் சமையலறைக்குள் வருகிறவர்களுக்குச் சொல்லி வையுங்கள். ஈயம் மெத்தென்றது, கட்டும்போது உள்ளே துணி அடைக்காவிட்டால் நசுங்கும். கல்சட்டி தட்டினால் விரியும், அதைக் கையோடு கொண்டுபோங்கள்.

அம்மி, ஆட்டுக்கல், உரல் மூன்றும் இரண்டு ஆள் தூக்கும் கனம். ஃபிளாட்டில் இடித்தால் கீழ்வீட்டுக் கூரை அதிரும். கல்யாணத்துக்கு அம்மி மிதிக்க வேண்டுமே என்றால் சின்ன அம்மி ஒன்று, குழவியோடு, பால்கனி மூலையில் இருக்கலாம். மற்றதை அக்கம்பக்கத்தில் தோட்டம் உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சாய்க்கும் பெரிய கிரைண்டர் இருந்தால், நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர் டேபிள்டாப் போதும் என்று நினைவில் வையுங்கள்.

முறுக்கு அச்சு, குழிப்பணியாரக் கல், இடியாப்பத் தட்டு, இட்லிக் கொப்பரை: ஒவ்வொன்றிலும் ஒன்று. இரண்டு மூன்று இருந்தால் பிடியும் திருகும் நன்றாக இருப்பதை மட்டும். மூடி இல்லாத டப்பாவும் டப்பா இல்லாத மூடியும் ஜோடி சேரும் என்று காத்திருக்க வேண்டாம். ஜோடி பார்க்க ஒரு மத்தியானம் ஒதுக்கி எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிடுங்கள்.

துணி, பட்டுப் புடவை

புது வீட்டில் ஒருவருக்கு எத்தனை தட்டு என்பதை முடிவு செய்து, அந்த அளவுக்குத் தட்டையே எல்லையாக வையுங்கள். தட்டு நிரம்பியதும் நிறுத்துங்கள். ஒன்று உள்ளே போக ஒன்று வெளியே வரட்டும். புடவையை ஒவ்வொன்றாக விசாரணை செய்வதைவிட இது சண்டை குறைந்த வழி.

பட்டை மட்டும் விரித்துப் பார்க்க வேண்டும். மடிப்புக் கோட்டை இரண்டு கட்டை விரலுக்கு நடுவில் பிடித்து மெதுவாக இழுங்கள். இழை விட்டுக் கொடுத்தால் பட்டு மக்கிவிட்டது, இனி உடுத்த முடியாது. உடல் மக்கினாலும் கரையும் முந்தியும் உறுதியாக இருக்கும். அதைப் பிரித்துப் பாவாடை, பூஜைத் திரை, குழந்தைக்கு உடுப்பு என்று தைக்கலாம். ஜரிகைக்காக விற்பதானால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் நல்ல ஜரிகை என்பதற்கு அறிகுறி. வெள்ளை நூலோ வேறோ வந்தால் அதிக விலை எதிர்பார்க்க வேண்டாம். கல்யாணக் கூறையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது எந்தத் தட்டில் இருக்க வேண்டுமோ அங்கே இருக்கட்டும். வைத்துக்கொள்ளும் பட்டைப் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றுங்கள். அந்துருண்டை ஜரிகையில் நேராகப் படக்கூடாது, கறுத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

பூஜை, கொலு

சுவாமி படங்களைக் கண்ணாடியோடு அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. கண்ணாடி உடைந்து கோயிலுக்கு வருகிறவர்கள் காலைக் கிழிக்கிறது. சட்டத்தைப் பிரித்து, படத்தாளைத் தனியாக எடுத்து மரியாதையாக மண்ணில் சேர்த்துவிடலாம். கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி, "கண்ணாடி" என்று எழுதிக் குப்பைக்காரரிடம் கொடுங்கள். வழக்கமாக விளக்கேற்றும் படங்கள் எவையோ அவை வரட்டும்.

கொலு ஒன்பது படியிலிருந்து ஐந்தாகவோ மூன்றாகவோ குறையும். ஒரு படிக்குப் பத்து அங்குல ஆழம் என்றால் ஐந்து படிக்கு ஹாலில் நாலடிக்கு மேல் வேண்டும். இதையும் தரையில் வரைந்து பாருங்கள். மரப்பாச்சி, கலசம், தசாவதாரம் போல முழு செட்டாக உள்ளவை முதலில். பின்னப்பட்டவை, ஜோடி இழந்தவை கழியட்டும். மண் பொம்மையில் முதலில் உடைவது மூக்கும் விரலும். அந்த இடங்களில் பஞ்சு வைத்து, மெல்லிய பழந்துணி சுற்றி, அதன்மேல் செய்தித்தாள். தாளை நேராகச் சுற்றினால் மை ஒட்டும். காகிதக்கூழ் பொம்மைகள் கனமில்லை, ஆனால் ஈரம் ஆகாது. குளியலறைச் சுவரை ஒட்டிய பரணில் வைக்காதீர்கள்.

காகிதங்கள்

இங்கே இடத்தைப் பற்றிய விதி செல்லாது. ஒரு பெட்டிக்குள் அடங்கும் பொருள், தொலைந்தால் வருஷக் கணக்கில் அலைய வைக்கும்.

எப்போதும் அசலாக வைக்க வேண்டியவை: கிரயப் பத்திரம், மூலப் பத்திரங்கள், உயில், பாகப்பிரிவினைப் பத்திரம், பிறப்பு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, திருமணப் பதிவு, கல்விச் சான்றுகள், ஓய்வூதிய ஆணை, காப்பீட்டுப் பாலிசிகள், வைப்புநிதி ரசீதுகள், ஜாதகம். வில்லங்கச் சான்றும் பட்டா நகலும் இப்போது இணையத்தில் எடுக்க முடிவதால் பழைய பிரதிகள் பத்து வேண்டாம். ஆனால் மூலப் பத்திரத்துக்கு மாற்று இல்லை. தொலைந்தால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் என்று நீளும்.

பழைய வீட்டை விற்றுவிட்டால் அதன் அசல் பத்திரங்கள், வீட்டை வாங்கியவரிடம் போகும். முழுப் பிரதியை எடுத்துக்கொண்டு கொடுங்கள். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வந்த சொத்தென்றால், மூலதன ஆதாய வரிக் கணக்குக்கு அந்தத் தேதியின் சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ள வழியுண்டு. மாடி கட்டிய, விரிவாக்கிய பில்களும் அப்போது உதவும். ஆகவே பழைய கட்டடக் கணக்கு நோட்டைக் குப்பை என்று எறியும் முன் ஆடிட்டரிடம் காட்டுங்கள். வருமான வரித் தாள்களைக் கடைசி எட்டு ஆண்டுக்கு வைத்துக்கொண்டால் கவலையில்லை. மின்கட்டண ரசீது, பழைய டெலிபோன் பில், காலாவதியான வாரன்டி அட்டை எல்லாம் போகலாம். வங்கி எண் உள்ள தாளைக் கிழித்துப் போடுங்கள்.

டிரங்குப் பெட்டியின் அடியில் நீலம், பச்சை நிறத்தில் பழைய ஷேர் சான்றிதழ் கிடைத்தால் "செல்லாது" என்று விட்டுவிடாதீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து காகித ஷேரை அப்படியே பிறருக்கு மாற்ற முடியாது, ஆனால் அதன் மதிப்பு போய்விடவில்லை, டீமேட், அதாவது மின்னணு வடிவம், ஆக்கிக்கொள்ளலாம். ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்கப்படாத பங்குகள் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். அங்கிருந்தும் விண்ணப்பித்து மீட்கலாம். அதற்கு அந்தச் சான்றிதழ் வேண்டும்.

இந்தப் பெட்டி லாரியில் ஏறக்கூடாது. நகைபோல உங்களோடு வர வேண்டும்.

புத்தகங்களில் இராமபாணம் என்ற பூச்சி அரித்தவற்றை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். பெரிய அட்டைப்பெட்டியில் அடுக்கினால் அடி பிய்ந்துவிடும், சின்னப் பெட்டியில் 12, 15 கிலோவுக்குள் கட்டுங்கள். ஓலைச் சுவடி, நூறு வயதான அச்சு நூல், பழைய இதழ் தொகுப்பு, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று ஏதும் இருந்தால் எடைக்குப் போடும் முன் ஒரு தொலைபேசி செய்யுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்படிப்பட்ட அச்சுப் பொருள்களையும், கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரஸ்வதி மகால் ஆகியவை சுவடிகளையும் பாதுகாக்கின்றன. பழைய பேப்பர்காரருக்கு அது அரைக் கிலோ. அங்கே இருப்பவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காத ஒன்றாக இருக்கலாம்.

புகைப்படங்கள்

பசைத் தாள் ஆல்பத்தில் படங்கள் மஞ்சளித்து ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் உரிக்காதீர்கள். பல் இடுக்கு நூலைப் படத்துக்குப் பின்னால் செலுத்தி, ரம்பம்போல முன்னும் பின்னும் இழுங்கள். சட்டம் போட்ட பழைய கறுப்பு வெள்ளைப் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்கவே வேண்டாம், கண்ணாடி வழியாகவே ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ வைத்தால் பெரிதாக்கியும் அச்சிடலாம். ஸ்கேன் செய்யும்போது பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, யார் எவர், எந்த ஊர், யார் கல்யாணம் என்று கேட்டுக் கோப்பின் பெயராகவே எழுதிவிடுங்கள். பெயர் தெரியாத படம் அடுத்த தலைமுறையில் கழிந்துவிடும். கூடத்தில் வரிசையாகத் தொங்கிய இரண்டடிச் சட்டங்களை, ஏ4 அளவில் மறு அச்செடுத்து ஒரே சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாக மாட்டலாம்.

மின் சாமான்கள்

ஓடாத மிக்ஸி, டேப் ரெக்கார்டர், பெட்டி டிவி எதுவும் ரிப்பேருக்காகக் காத்திருக்க வேண்டாம். பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைக் கடையில் கொடுத்தால் புதுசில் விலை கழிப்பார்கள். காயலான் கடையில் உடைத்து ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றுவதை ஊக்கப்படுத்தாதீர்கள். ஃபிளாட்டில் பொது ஜெனரேட்டர் எதற்கெல்லாம் வரும் என்று கேட்டுவிட்டே இன்வெர்ட்டரை ஏற்றுங்கள். கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றக்கூடாது. வேறு ஊருக்குப் போனால் ஏஜென்சியில் சிலிண்டரும் ரெகுலேட்டரும் ஒப்படைத்து, டெபாசிட்டையும் மாற்றுச் சீட்டையும் வாங்கிக்கொண்டு, அங்கே புது இணைப்பு எடுங்கள்.

லாரி நாள்

எண்ணிக்கை குறைந்த பிறகு வண்டியை முடிவு செய்யுங்கள். பேக்கர்ஸ் ஆள் வந்து பார்ப்பதற்கு முன் "வி", "க" எழுதியவை வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். இருந்தால் அதையும் சேர்த்துத்தான் விலை சொல்வார். உள்ளூருக்குள் இருந்தால் குட்டி யானை எனும் சின்ன லோடு வண்டி இரண்டு நடை போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

புது வீட்டில் இறக்கும் வரிசை ஏற்றும் வரிசைக்கு நேர்மாறாக இருக்கும், அதனால் முதலில் உள்ளே போக வேண்டியதைக் கடைசியாக ஏற்றுங்கள். படுக்கையறைக்குப் பீரோ முதலில், கட்டில் பிறகு. கட்டில் போட்டபின் பீரோவைத் திருப்ப இடம் இருக்காது. பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டங்குலம் விட்டு நிறுத்தி, ஸ்டாண்டு நாலும் தரையில் சமமாக உட்கார்ந்த பிறகு கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். ஒரு பக்கம் சரிந்திருந்தால் பூட்டு நாக்கு பிடிக்காது. மரத்துண்டு வைத்துச் சரிசெய்துவிட்டே கட்டிலை உள்ளே கொண்டுவாருங்கள்.